கைப்பேசிக்குள் புகுந்த சூதாட்டமும் வாடகைக்குப் போகும் வங்கிக் கணக்கும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டுவிட்டன. பள்ளியின் மேல்தளப் பணி, மக்தப் பிள்ளைகளின் தேர்ச்சி, பைத்துல்மால் நிதியிலிருந்து வழங்கப்பட்ட உதவிகள் ஆகியவற்றைச் செயலாளர் விளக்கினார். அந்த அறிக்கையில் இடம்பெறாத ஒரு செய்தியை உங்கள் முன் வைக்கவே இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். அது நம்முடைய தவறு பற்றிய செய்தி என்பதால், அதை நாமே சொல்வதுதான் முறை.

சென்ற ஆண்டு ஒரு தாய் நம் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய மகன் சிப்காட்டில் உள்ள ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்டு முடிந்து வந்தும் உறங்காமல் கைப்பேசியில் பணம் கட்டி ரம்மி ஆடியிருக்கிறார். சம்பளம் போயிற்று, தாயின் நகை அடகுக்குப் போயிற்று, பிறகு கைப்பேசியிலேயே கடன் தரும் செயலி ஒன்றில் கடன் வாங்கினார். அந்தக் கடனை அடைக்க வழி தெரியாமல் நின்றபோது, "உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடு, மாதம் 5,000 ரூபாய் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னதை நம்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் கணக்கு முடக்கப்பட்டது. வேறொரு மாநிலக் காவல்துறையிடமிருந்து அழைப்பாணை வந்தது. அத்தாய் நம்மிடம் கேட்டது 40,000 ரூபாய்.

நாம் என்ன செய்தோம்? சூதாட்டம் ஹராம் என்று அவருக்கு எடுத்துரைத்தோம்; பைத்துல்மால் பணம் அதற்கன்று என்று கூறி அனுப்பிவிட்டோம். ஹராம் என்பது அத்தாய்க்கும் தெரியும், அவர் மகனுக்கும் தெரியும். மது, சூது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் திருக்குர்ஆன் விலக்கியிருப்பதை மக்தபில் ஓதிய எந்தப் பிள்ளையும் அறியும். அவர் தேடி வந்தது தீர்ப்பை அன்று, துணையை. மறுநாள் அந்த இளைஞர் வீட்டை விட்டுப் போனார். ஒன்பது நாட்கள் திரும்பவில்லை. நம் மோதினார்தான் அவரை ரயில் நிலையத்தில் கண்டு, பேசி, கையைப் பிடித்து அழைத்துவந்தார். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் வேலைக்குப் போகிறார். கடனையும் சிறிது சிறிதாக அடைத்துவருகிறார். பெயர் சொல்லாமல் இதை எடுத்துரைக்க அவரே இசைவு தந்தார். வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம் என்ற நினைவு இன்றும் நம் உறக்கத்தைக் கெடுக்கிறது.

புதிய உருவில் பழைய நோய்

சூதாட்டம் நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1930ஆம் ஆண்டிலேயே சூதாட்டத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பிறகு 1968இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. தனியார் சீட்டு, பிற மாநிலச் சீட்டு, ஒற்றை எண் சீட்டு என்று அது வளர்ந்து, கூலித் தொழிலாளியின் அன்றாட வருமானத்தைக் கடை வாசலிலேயே பறித்துக்கொண்டது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி முற்றிலும் தடை செய்யப்பட்டது. மூன்று எண் சீட்டு மறைவில் தொடர்ந்தது என்றாலும், பல குடும்பங்கள் அந்தத் தடையால் மூச்சு விட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அன்று சீட்டு வாங்கக் கடைக்குப் போக வேண்டும். போகிறவனை ஊர் பார்க்கும். பெரியவர் ஒருவர் தடுப்பார். இன்று கடை சட்டைப்பைக்குள் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறிச் சென்னை சேரும் ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் ஒரு மாதச் சம்பளத்தை இழந்துவிட்டு இறங்கலாம். பக்கத்தில் அமர்ந்தவருக்கும் தெரியாது. யாருடைய கண்ணிலும் படாமல் ஆடலாம் என்பதே இதன் பெருங்கேடு.

ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியதை இந்நிறுவனங்கள் கேடயமாகப் பிடித்தன. அவ்வழக்கு, மன்றம் ஒன்றில் நேருக்கு நேர் அமர்ந்து சீட்டாடியவர்களைப் பற்றியது. பந்தயத்தால் மன்றம் இலாபம் ஈட்டினால் அது குற்றமாகலாம் என்பதையும் அதே தீர்ப்பு சுட்டியிருந்தது. முகம் தெரியாத எதிராளியுடன், ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் இணையவழி ஆட்டத்தையும் அம்மன்றத்தையும் ஒரே தட்டில் வைக்க இயலுமா என்பதே பின்னர் எழுந்த வாதம்.

சட்டம் நடந்த பாதை

2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று செல்லாது என்றது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கையின் பேரில் அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டமும், அதே மாதம் சட்டமுன்வடிவும் வந்தன. ஆளுநர் அதை 2023 மார்ச்சில் திருப்பியனுப்ப, சட்டமன்றம் மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம் என்று அச்சட்டம் வகுத்தது.

2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக வகைப்படுத்திய அட்டவணையை நீக்கியது. முறைப்படுத்தலாம், அடியோடு தடுக்க இயலாது என்ற நிலை ஏற்பட்டது. அதன்படி தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிமுறைகளை வெளியிட்டது. 18 வயது நிறையாதோர் பணம் கட்டி ஆடக்கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்பன அவற்றுள் அடங்கும். நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவ்விதிகளையும் ஏற்றது.

மாநிலச் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடும். ஆரம்பாக்கத்தைத் தாண்டித் தடாவுக்குப் போனால் அங்கே ஆந்திரச் சட்டம். ஆந்திரம் 2020இலேயே தன் சட்டத்தைத் திருத்தியிருந்தது என்றாலும் எல்லா மாநிலங்களும் அவ்வாறு செய்யவில்லை. கைப்பேசிக்கோ சோதனைச் சாவடி கிடையாது. இந்நிலையில்தான் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பாராமல், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டம் அனைத்தையும் நடத்துவதும் விளம்பரம் செய்வதும் அதற்குப் பணப் பரிமாற்ற வசதி செய்து தருவதும் குற்றம் என்றது இச்சட்டம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய் அளவுக்கு இழக்கின்றனர் என்பது அப்போது மத்திய அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீடு. பெரிய நிறுவனங்கள் பலவும் பணப் பந்தய ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன.

தடைக்குப் பின்னும் திறந்திருக்கும் கதவு

பெரியோர்களே, "சட்டம்தான் வந்துவிட்டதே, இனி என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். கதவை அடைத்தால் பின்பக்கச் சுவரேறி வருபவர்களே இத்தொழிலில் மிகுதி. வெளிநாட்டில் அமர்ந்துகொண்டு கிரிக்கெட் பந்தயமும் சீட்டாட்டமும் நடத்தும் செயலிகள் ஒன்றைத் தடுத்தால் வேறு பெயரில் மற்றொன்றாக முளைக்கின்றன. மகாதேவ் என்னும் பந்தயச் செயலி தொடர்பாக அமலாக்கத் துறை விசாரணை நடத்தியதும், 2023 நவம்பரில் அது உட்பட 22 செயலிகளையும் தளங்களையும் மத்திய அரசு முடக்கியதும் நாளேடுகளில் நாம் படித்தவையே.

இத்தகைய செயலியில் பணம் கட்டுபவர் அந்நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில் கட்டுவதில்லை. யாரோ ஒரு தனி மனிதரின் கணக்கில் கட்டுகிறார். அந்தத் தனி மனிதர் யார்? பெரும்பாலும் ஏழைத் தொழிலாளி, வேலையில்லா இளைஞர், கல்லூரி மாணவர். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் கணக்கை வாடகைக்கு விட்டவர். பகுதி நேர வேலை, பங்குச் சந்தையில் இரட்டிப்பு இலாபம், கூரியரில் போதைப்பொருள் என்று சொல்லி ஏமாற்றிப் பறிக்கும் பணமும் இத்தகைய வாடகைக் கணக்குகளுக்கே வருகிறது. வந்த சில நிமிடங்களில் அது நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து, ஏடிஎம் வழியாகவோ மெய்நிகர் நாணயமாகவோ வெளியேறிவிடுகிறது. சூதாட்டமும் இணைய மோசடியும் இருவேறு தீமைகள் என்று நாம் நினைத்திருந்தோம். இரண்டும் ஒரே கால்வாயில் ஓடும் நீர் என்பதை அந்த இளைஞரின் கதையே நமக்குக் கற்பித்தது.

இது தனி மனிதர் செய்யும் சில்லறைத் திருட்டு அன்று. அமைப்பாகத் திரண்டு நடத்தப்படும் தொழில். அதனால்தான் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆவது பிரிவு, அமைப்பு சார்ந்த குற்றங்களின் பட்டியலில் இணையக் குற்றத்தையும் சேர்த்து, 5 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை தண்டனை விதிக்கிறது. அங்கீகாரமற்ற பந்தயமும் சூதாட்டமும் கும்பலாக நடத்தப்படும்போது 112ஆவது பிரிவின் கீழ் வருகின்றன. "கணக்கு மட்டும்தான் கொடுத்தேன், பணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை" என்று சொல்பவரைத்தான் காவல்துறை முதலில் தேடி வரும். ஏனெனில் அந்தச் சங்கிலியில் உண்மையான பெயரும் முகவரியும் இருப்பது அவர் ஒருவருக்கே.

நம் பகுதியில் இவ்வபாயம் கூடுதல் என்று நாம் அஞ்சுகிறோம். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களை நம்பி பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து தங்கியுள்ளனர். ஜும்ஆவில் நம்மோடு தோளொட்டி நிற்பவர்களில் பலர் அவர்களே. சம்பளத்திற்காக வங்கிக் கணக்கு, ஊருக்குப் பேச சிம் அட்டை என்று எல்லாம் வைத்திருக்கின்றனர். கணக்கைக் கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று விசாரிக்க மொழி தெரிந்த உற்றார் இல்லை. அவர்களும் நம் மஹல்லாவின் பொறுப்பே ஆவர்.

வேலை தேடிப் போய் அடிமையானோர்

இன்னொரு பக்கமும் உண்டு. 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தாய்லாந்தில் கணினித் துறை வேலை என்று விளம்பரம் செய்து, படித்த இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திச் சென்று மோசடித் தொழிலில் ஈடுபடுத்துகின்றனர் என்பதே அது. மியான்மரின் மியாவாடிப் பகுதியில் சிக்கியிருந்தவர்களில் தமிழர் 13 பேர் அவ்வாண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 540க்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்லாந்து வழியாக மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். நமக்கு வரும் மோசடி அழைப்பின் மறுமுனையில் பேசுபவர்களில் ஒருவர், கடவுச்சீட்டைப் பறிகொடுத்துவிட்டு அடிக்கும் உதைக்கும் அஞ்சிப் பேசும் நம் நாட்டுப் பிள்ளையாகவே இருக்கக்கூடும். வெளிநாட்டு வேலை என்றால் நம் சமுதாயத்திற்குப் பழக்கமான ஒன்று. ஆனால் வளைகுடாவுக்குப் போகும்போது விசாவை நாலு பேரிடம் காட்டிக் கேட்ட பழைய எச்சரிக்கை, இன்று கைப்பேசியில் வரும் வேலை அழைப்புக்கு இல்லாமல் போயிற்று.

வெட்கம் தின்னும் நேரம்

2024ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளால் நாட்டு மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் 7,465 கோடி. ஓராண்டில் மும்மடங்கு!

நம் மஹல்லாவில் நடந்த இரு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் காணொளி அழைப்பில் காவல் அதிகாரி வேடத்தில் ஒருவன் மிரட்டி, "உம்மை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம், யாரிடமும் பேசக்கூடாது" என்று சொல்லி, மகள் திருமணத்திற்கு வைத்திருந்த பணம் முழுவதையும் பறித்தான். அப்படியொரு கைது நம் நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. பெரியவர் நான்கு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் சிரிக்குமே என்ற அச்சம். சொன்னபோது பணம் கைக்கெட்டாத இடத்திற்குப் போய்விட்டது. தையல் தொழில் செய்யும் சகோதரி ஒருவருக்கும் மோசடி நேர்ந்தது. அவர் இருபதே நிமிடத்தில் 1930 என்ற எண்ணுக்குப் பேசினார். பறிபோன தொகையில் பெரும்பகுதி அடுத்த வங்கியில் நிறுத்திவைக்கப்பட்டது.

பெரியவர் படித்தவர், சகோதரி எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அறிவில் அன்று, விரைவில்தான் வேறுபாடு. விரைவைத் தடுத்தது வெட்கம். அந்த வெட்கத்தை உண்டாக்கியது ஊர். ஊர் என்றால் நாம். அத்தாயை வெறுங்கையோடு அனுப்பியபோது, "இங்கே சொல்லாதீர்கள்" என்று இந்த மஹல்லா முழுவதற்கும் நாம் அறிவித்துவிட்டோம். மோசடிக் கும்பலுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறென்ன வேண்டும்?

1930 என்பது மாகாணச் சூதாட்டச் சட்டம் பிறந்த ஆண்டு. இன்று அதே எண் இணைய மோசடிக்கான நாடு தழுவிய உதவி எண். இதை வைத்தேனும் நினைவில் நிறுத்துங்கள். பணம் போனது தெரிந்தவுடன் முதல் வேலை அந்த அழைப்பு. அடுத்தது உங்கள் வங்கிக்குத் தகவல். பிறகு தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு. உங்கள் தவறு ஏதுமின்றி, வங்கியின் தவறுமின்றி, இடையில் பிறரால் பணம் போயிருந்தால் 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்பவருக்கு இழப்பில்லை என்பது 2017ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. ஓடிபி எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையதே. ஆகவே எவ்வகையிலும் தாமதம் நமக்கு எதிரி.

நிர்வாகக் குழுவின் தீர்மானங்கள்

பின்வருவனவற்றை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம்.

1. மாதத்தின் முதல் வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின், கணினி அறிந்த நம் இளைஞர் இருவரும் பெண்களுக்கென ஒரு சகோதரியும் உதவிக்கு அமர்வார்கள். அவசரம் என்றால் எந்நேரமும் அழைக்கலாம். சொன்னது எதுவும் வெளியே போகாது.

2. சூதாட்டத்தில் வீழ்ந்தவரின் பந்தயக் கடனையோ வட்டியையோ பைத்துல்மால் அடைக்காது. ஆனால் அவர் வீட்டு அரிசிக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்கும் மருந்துக்கும் உதவும். கடன் கொடுத்தோருடன் பேசித் தவணை ஏற்படுத்தவும் துணை நிற்கும். ஒருவர் செய்த பிழைக்காக ஒரு குடும்பம் பட்டினி கிடக்க விடமாட்டோம்.

3. இக்காரணத்தால் எவரையும் ஒதுக்கிவைப்பதோ, நிக்காஹ், ஜனாஸா போன்றவற்றில் வேற்றுமை காட்டுவதோ கூடாது.

4. வங்கிக் கணக்கையும் சிம் அட்டையையும் பிறருக்குக் கொடுப்பது குற்றம் என்ற அறிவிப்பு தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் வங்கமொழியிலும் பள்ளியில் சொல்லப்படும். தம் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்க உதவி செய்யப்படும்.

5. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இமைகிரேட் தளத்தில் சரிபார்க்க, புறப்படும் முன் நம் அலுவலகத்திற்கு ஒருமுறை வந்து செல்ல வேண்டுகிறோம்.

6. ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பவருக்கு உபதேசம் மட்டும் போதாது. மருத்துவ ஆலோசனையும் வேண்டும். 104 என்ற தமிழக அரசின் உதவி எண்ணிலும், டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். மனம் உடைந்து தவறான முடிவை நினைப்பவர் எவராயினும், அந்த எண்ணையோ நம் கதவையோ தட்டுங்கள். எந்த நள்ளிரவானாலும் சரி.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இரவில் உறங்காமல் இருப்பது, சம்பள நாளிலேயே கடன் கேட்பது, கைப்பேசியைக் கண்டால் மறைப்பது, வீட்டிலிருந்து சிறு நகை காணாமற் போவது ஆகியவற்றைக் கண்டால் சண்டையிடாதீர்கள், பேசுங்கள். தனியே பேச இயலாவிட்டால் எங்களை அழையுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்குச் சொல்வதற்கு அதிகமில்லை. தடை செய்யப்பட்ட செயலியில் நீங்கள் வென்றாலும் அந்தப் பணம் உங்களைப் போன்ற ஒருவரின் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்தது. தோற்றால் உங்கள் வீட்டு அடுப்பிலிருந்து போவது. உழைத்து ஈட்டிய நூறு ரூபாயில் இருக்கும் பரக்கத் வேறெதிலும் இல்லை.

அத்தாயிடம் நிர்வாகக் குழுவினராகிய நாம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்துவிட்டோம். அவர் தேநீர் தந்து உபசரித்தார். "அடுத்து வருகிறவளையாவது உட்கார வைத்துக் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை நிறைவேற்றவே இத்தீர்மானங்கள். உங்கள் ஒப்புதலையும் ஒத்துழைப்பையும் வேண்டி, நம் பிள்ளைகளையும் நம்மோடு வாழும் அனைவரின் பிள்ளைகளையும் வல்ல இறைவன் இத்தீமையிலிருந்து காப்பானாக என்று துஆச் செய்து நிறைவு செய்கிறோம். ஆமீன். வஸ்ஸலாம்.